அரை மாத்திரைக் கணக்கு

நீர் மாத்திரையை உடைத்துப் போடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். சீட்டில் ஃபுரோசமைடு 40 மில்லிகிராம் என்று இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அது நடுக்கோட்டில் இரண்டாக உடையும். "முழுசாப் போட்டா கிட்னி கெட்டுடும்னு சொன்னாங்க, அதான் காலையில பாதி, சாயங்காலம் பாதி" என்பார்கள். சொன்னவர் மருந்துக்கடைக்காரராக இருக்கலாம், சம்பந்தி வீட்டில் யாராகவும் இருக்கலாம். சில சமயம் சீட்டே அப்படித்தான் வரும்: 20 மி.கி., காலை ஒன்று, மாலை ஒன்று. கூட்டினால் 40. கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் கால் வீக்கம் வற்றாது. சில வாரங்களில் படுத்தால் மூச்சு முட்டும், அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே "மாத்திரைக்குக் கேட்கவில்லை" என்று எழுதி ஊசி போடுவார்கள். நீர் பிரியும், குடும்பம் மொத்தத்துக்கும் ஊசியின் மேல் நம்பிக்கை வந்துவிடும். மாத்திரை வேலை செய்யவில்லையா, வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரவே இல்லையா என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. ஏனென்றால் "நீர் மாத்திரை" என்ற ஒரே பேருக்குள் நாம் அடைத்து வைத்திருக்கும் மருந்துகளில், அரை மாத்திரை என்பதற்கு மருந்துக்கு மருந்து வேறு பொருள். ஒன்றில் அரை என்றால் பல நோயாளிகளுக்கு ஒன்றுமே போடாததற்குச் சமம். இன்னொன்றில் அரைதான் சரியான அளவு. மூன்றாவது ஒன்றில் அரை கூட ஆளைக் காப்பாற்றும், அதே அரை கவனிக்காமல் விட்டால் ஆபத்திலும் தள்ளும். காரணம் மாத்திரையில் இல்லை. அது சிறுநீரகத்தின் எந்த இடத்தில், எந்தப் பக்கத்திலிருந்து போய் உட்காருகிறது என்பதில் இருக்கிறது.

ஒன்றரை கிலோ உப்பு

ஆரோக்கியமான இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. ஒரு லிட்டரில் 140 மில்லிமோல் சோடியம் என்று வைத்தால், ஒரு நாளில் வடிகட்டிகளைத் தாண்டிக் குழலுக்குள் விழுவது 25,000 மில்லிமோலுக்கு மேல். சாப்பாட்டு உப்பாக மாற்றினால் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. இதில் சிறுநீரில் வெளியேறுவது நாம் அன்று தின்ற உப்பின் அளவு மட்டும்தான், பத்துக் கிராம் அளவில். மீதி அத்தனையும் இரத்தத்துக்குத் திரும்புகிறது. வடிகட்டியை அடுத்த முதல் சுருள்குழலில் சுமார் 65 சதவீதம், ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் 25 சதவீதம், அதற்கடுத்த தூரச் சுருள்குழலில் 5 முதல் 7 சதவீதம், கடைசியாகச் சேகரிப்புக் குழலில் 2, 3 சதவீதம்.

நீர் மாத்திரை எதுவானாலும் அது நேராகத் தண்ணீரைத் தொடுவதில்லை. இந்த நான்கு இடங்களில் ஒன்றில் உப்பு திரும்பும் வழியை அடைக்கிறது. உப்பு குழலிலேயே நின்றுவிட்டால் தண்ணீரும் அதனோடு நின்று வெளியே போகிறது. பொதுவாக வழங்கும் மருந்துகளில் டால்வாப்டன் மட்டும் இதற்கு விலக்கு. அது தண்ணீரை மட்டும் வெளியேற்றும், வீக்கத்துக்கு வழக்கமாகத் தருவதில்லை.

ஃபுரோசமைடு, டார்செமைடு, புமெடனைடு மூன்றும் ஏறுபகுதியில் வேலை செய்பவை. அங்கே குழலின் உட்சுவரில் ஒரு கடத்திப் புரதம் உண்டு: ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று நான்கையும் சேர்த்து ஒரே மூச்சில் உள்ளே இழுக்கும். இந்த மருந்துகள் அதைத்தான் முடக்குகின்றன. ஏறுபகுதி தண்ணீரை உறிஞ்சாமல் உப்பை மட்டும் உறிஞ்சும் இடம். சிறுநீரகத்தின் உட்பகுதியை உப்புக் கரித்த பகுதியாக வைத்திருப்பதே அதுதான், அந்தக் கரிப்பை நம்பித்தான் சிறுநீர் அடர்த்தியாகிறது. ஆகவே அங்கே கை வைத்தால் 25 சதவீதப் பங்கும் போகிறது, சிறுநீரை அடர்த்தியாக்கும் திறனும் போகிறது. நல்ல சிறுநீரகத்துக்கு 40 மி.கி. ஃபுரோசமைடை ஊசியாகப் போட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில் 200 முதல் 250 மில்லிமோல் சோடியம் மூன்று நான்கு லிட்டர் சிறுநீரோடு வெளியேறும். இவ்வளவு பலம் மற்ற எந்த நீர் மாத்திரைக்கும் கிடையாது.

மருந்து குழலுக்குள் வரும் வழி

ஃபுரோசமைடு இரத்தத்தில் இருந்துகொண்டு எதையும் செய்வதில்லை. அது பிடிக்க வேண்டிய கடத்தி குழலின் உட்புறத்தில், சிறுநீர் ஓடும் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே மருந்தும் சிறுநீருக்குள் வந்தாக வேண்டும். வடிகட்டி வழியாக வர முடியாது, ஏனென்றால் இரத்தத்தில் உள்ள ஃபுரோசமைடில் 95 சதவீதத்துக்கு மேல் அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டிருக்கும், அல்புமின் வடிகட்டியைத் தாண்டாது. மிச்சமிருப்பது ஒரே வழி. முதல் சுருள்குழலின் செல்கள் இரத்தப் பக்கத்திலிருந்து மருந்தைப் பிடித்து இழுத்து, குழலுக்குள் சுரக்க வேண்டும். கரிம அமிலங்களை வெளியேற்றுவதற்கென்றே அங்கே கடத்திகள் இருக்கின்றன, ஃபுரோசமைடு அவற்றின் முதுகில் ஏறித்தான் உள்ளே வருகிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு அரை மாத்திரைக் கேள்வி வேறாகத் தெரியத் தொடங்கும். மருந்தின் பலனைத் தீர்மானிப்பது விழுங்கிய அளவு கிடையாது, இரத்தத்தில் உள்ள அளவும் கிடையாது. சிறுநீருக்குள் எந்த வேகத்தில் வந்து சேர்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அந்த வேகம் ஒரு மட்டத்தைத் தொடும்வரை உப்பு வெளியேற்றம் ஏறக்குறைய அசையாது. மட்டத்தைத் தாண்டியதும் கிடுகிடுவென ஏறும். பிறகு ஒரு உச்சத்தில் நின்றுவிடும், அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் பலன் கூடாது. ஏரியில் கலிங்கின் உயரத்துக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றாலும் ஒரு முழம் கீழே நின்றாலும் மறுகால் பாயாது, அதுபோலத்தான். இரண்டு தடவை ஒரு சாண் கீழே நிற்பதைக் கூட்டி ஒரு தடவை பாய்ந்ததாகக் கணக்கெழுத முடியாது.

அந்த மட்டம் ஆளுக்கு ஆள் மாறும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஊசி வழியே 10 மி.கி.யிலேயே பலன் தெரியத் தொடங்கும், 40-ல் உச்சம் தொட்டுவிடும். ஆகவே இளம் வயதில், சிறுநீரகம் சரியாக உள்ள ஒருவருக்கு 20 மி.கி. மாத்திரை வேலை செய்தால் ஆச்சரியம் இல்லை. வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 15 மில்லிலிட்டராகக் குறைந்துவிட்ட சிறுநீரக நோயாளியின் நிலை வேறு. கொடுத்த மருந்தில் நல்ல சிறுநீரகத்துக்குள் சுரப்பதில் ஐந்தில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரைதான் அவர் குழலுக்குள் சுரக்கும். தேங்கிய யூரிமியக் கழிவுகளும் அதே கடத்திகளுக்கு மோதிக்கொண்டு நிற்பது ஒரு காரணம். அவருக்கு உச்சப் பலன் கிடைக்க ஊசியாகவே 160 முதல் 200 மி.கி. வரை தேவைப்படலாம். அவர் கையில் 20 மி.கி. காலை, 20 மி.கி. மாலை என்று கொடுப்பது நீர் மாத்திரை கொடுத்தோம் என்று சீட்டில் எழுதிக்கொள்வதற்கு மட்டும்தான் உதவும்.

மாத்திரைக்கு இன்னொரு தடங்கலும் உண்டு. வாய்வழி ஃபுரோசமைடில் சராசரியாகப் பாதிதான் இரத்தத்தில் சேர்கிறது. ஆனால் சராசரி என்ற சொல்லை இங்கே நம்ப முடியாது, ஏனென்றால் பத்தில் ஒரு பங்கு சேர்பவரும் உண்டு, பத்தில் ஒன்பது சேர்பவரும் உண்டு. ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் இன்னும் குறையும். இதயம் தளர்ந்து குடலும் வீங்கியிருக்கும்போது மருந்து மொத்தத்தில் உள்ளே போகும், ஆனால் மெதுவாகப் போகும், இரத்தத்தில் ஒரேயடியாக உயராது. மட்டத்தைத் தாண்டுவதற்குத் தேவையான அந்த உயர்வு கிடைக்காததால், நேற்றுவரை கேட்ட மாத்திரை இன்று கேட்காது. ஊசி போட்டவுடன் நீர் பிரிவதன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். டார்செமைடும் புமெடனைடும் 80 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சப்படுபவை, சாப்பாட்டால் அவ்வளவாகப் பாதிக்கப்படாதவை. 40 மி.கி. ஃபுரோசமைடு மாத்திரைக்குச் சமம் 20 மி.கி. டார்செமைடு, 1 மி.கி. புமெடனைடு. இதனால் டார்செமைடு உயிர் காப்பதில் மேலானது என்று நினைக்க வேண்டாம். 2023-ல் வந்த டிரான்ஸ்ஃபார்ம்-எச்எஃப் ஆய்வில் ஃபுரோசமைடு, டார்செமைடு இரண்டுக்கும் இறப்பில் வித்தியாசம் காணப்படவில்லை. வேறுபாடு நம்பகத்தில்தான், அதாவது இன்று வேலை செய்த அளவு நாளையும் வேலை செய்யுமா என்பதில்.

எனவே மருத்துவர் அளவை ஏற்றும்போது 40 மி.கி.க்குப் பலன் இல்லையென்றால் இன்னொரு 40-ஐ மாலையில் சேர்ப்பது முதல் படியாக இருக்கக் கூடாது. ஒரே வேளையில் 80 கொடுத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் "இப்பத்தான் போயிட்டு வந்தேன், மறுபடியும் வருது" என்று நோயாளி சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாதவரை மட்டம் தாண்டவில்லை என்று பொருள். அது தாண்டிய பிறகுதான் இரண்டாவது வேளை என்ற பேச்சு. அந்த இரண்டாவது வேளையும் முதல் வேளைக்குச் சமமான முழு அளவு. அதை மதியம் இரண்டு மணி வாக்கில் போட வேண்டும், இரவில் வேண்டாம். வயதானவர்கள் தூக்கக் கலக்கத்தில் கழிப்பறைக்கு ஓடி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது நீர் மாத்திரையின் பக்கவிளைவுதான், எந்தத் தாளிலும் அச்சிடாவிட்டாலும்.

மீதிப் பதினெட்டு மணி நேரம்

ஃபுரோசமைடின் வேலை நேரம் சுமார் ஆறு மணி. அதன் பிறகு மருந்து மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் உடல் சும்மா இருக்காது. உப்பு பறிபோனதை உணர்ந்து, உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் போன்ற சுரப்புகள் எல்லாவற்றையும் தூண்டி வைத்திருக்கும். போதாததற்கு, குழலில் உப்பின் அளவைக் கண்காணிக்கும் மேக்குலா டென்சா செல்களிலும் அதே கடத்திதான் இருக்கிறது. அதையும் மருந்து முடக்குவதால் "உப்பே வரவில்லை" என்று எண்ணி அவை ரெனினைச் சுரக்கச் செய்கின்றன. ஆக, மருந்து ஓய்ந்த பதினெட்டு மணி நேரமும் சிறுநீரகம் கிடைக்கிற உப்பையெல்லாம் இறுக்கிப் பிடிக்கும்.

கிறிஸ்டோபர் வில்காக்ஸ் குழுவினர் 1983-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமானவர்களுக்கு 40 மி.கி. ஃபுரோசமைடு கொடுத்தார்கள். நாளுக்கு 270 மில்லிமோல் சோடியம், அதாவது சுமார் 16 கிராம் உப்பு சாப்பிட்டவர்கள் ஆறு மணி நேரத்தில் இழந்ததை மீதிப் பதினெட்டு மணி நேரத்தில் முழுக்க மீட்டுக்கொண்டார்கள். நாள் முடிவில் நிகரம் பூஜ்யம். 20 மில்லிமோல் மட்டும் சாப்பிட்டவர்களுக்கோ இழந்தது திரும்பவில்லை. அதே மருந்து, அதே அளவு, சாப்பாடு மட்டும் வேறு.

நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். உடலில் கோத்த நீர் ஒரு லிட்டருக்குள் சுமார் ஒன்பது கிராம் உப்பு இருக்கும். திருப்பிச் சொன்னால், வெளியேறாமல் தங்கும் ஒவ்வொரு ஒன்பது கிராம் உப்பும் ஒரு கிலோ எடை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் வரம்பு 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. சாம்பார், ரசம், பொரியல், மோர் என்று நான்கிலும் உப்பு போட்டு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்று வைத்தால், அல்லது கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில், அந்த வரம்பு ஒரே வேளையில் தீர்ந்துவிடும். இந்துப்புக்கு மாறினால் போதும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். சிறுநீரகம் நிறத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீரைக் குறைத்துவிட்டு உப்பைக் குறைக்காதவர்கள் நாள் முழுக்க நா வறண்டு தவிப்பார்கள், கடைசியில் குடித்தும் விடுவார்கள். உப்புதான் முதலில் குறைய வேண்டியது.

பல மாதங்கள் ஃபுரோசமைடு சாப்பிட்டவர்களுக்கு வேறொரு தடையும் சேரும். ஏறுபகுதியில் தப்பித்த உப்பு அடுத்த பகுதியான தூரச் சுருள்குழலை நாளும் பொழுதும் வந்து மோதும். எலிகளில் பார்த்தபோது அந்தப் பகுதியின் செல்கள் பெருத்து, உறிஞ்சும் திறன் கூடியிருந்தது. மேலே விட்டதைக் கீழே பிடித்துவிடுகிறது. அப்போது ஃபுரோசமைடைக் கூட்டிக்கொண்டே போவதில் பயன் குறைவு, கீழ்ப்பகுதியையும் அடைக்க வேண்டும். மெட்டோலசோன் 2.5 அல்லது 5 மி.கி. சேர்ப்பது இதற்காகத்தான். சேர்த்த மறுநாளே மூன்று நான்கு லிட்டர் போகக்கூடும், பொட்டாசியமும் சோடியமும் சரியக்கூடும். இந்த ஜோடியைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று நாளில் இரத்தப் பரிசோதனை செய்யாமல் "ஒரு மாதம் கழித்து வாங்க" என்று அனுப்புவதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

அரையே போதுமான மருந்து

தூரச் சுருள்குழலில் வேலை செய்யும் தயசைடு வகையில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இன்டாபமைடு எல்லாம் வரும். இந்தக் குடும்பம் பிறந்த கதை சுருக்கமாகச் சொல்லத் தக்கது. கிருமிகளைக் கொல்ல வந்த சல்ஃபனிலமைடு, சிறுநீரைக் காரமாக்கி உப்பையும் வெளியேற்றுவது தெரிந்தது. 1949-ல் பாஸ்டனில் வில்லியம் ஷ்வார்ட்ஸ் அதை இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், நீர் பிரிந்தது, ஆனால் நச்சுத்தன்மையால் தொடர முடியவில்லை. அந்த மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்ததில் மெர்க் ஆய்வகத்தில் கார்ல் பேயர் குழுவினர் குளோரோதயசைடை எட்டினார்கள். 1950களின் இறுதியில் அது சந்தைக்கு வந்தபோது, அதுவரை நீர் இறக்கப் போட்டுக்கொண்டிருந்த பாதரச ஊசிகளின் காலம் முடிந்தது.

தயசைடு அடைக்கும் இடத்தின் பங்கு ஐந்தாறு சதவீதம்தான். ஆகவே அதன் உச்சம் தாழ்வானது, சீக்கிரமே தொட்டுவிடும். இரத்த அழுத்தத்துக்குக் குளோர்தாலிடோன் 12.5 மி.கி. கொடுத்தால் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. 25, 50 என்று ஏற்ற ஏற்ற அழுத்தம் கொஞ்சம்தான் கூடுதலாக இறங்கும், பொட்டாசியம் மட்டும் தொடர்ந்து இறங்கும், யூரிக் அமிலமும் சர்க்கரையும் ஏறும். தொடக்க காலத்தில் 50, 100 மி.கி. என்று கொடுத்ததால்தான் இந்த மருந்துக்குக் கெட்ட பெயர் வந்தது. 25 மி.கி. மாத்திரையைச் சரிபாதியாக உடைத்து அரையைப் போடுவது இங்கே நல்ல மருத்துவம். குளோர்தாலிடோன் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் போய் ஒட்டிக்கொண்டு மெதுவாக வெளிவருவதால் அதன் அரையாயுள் 40 முதல் 60 மணி. ஒரு நாள் மறந்தாலும் பலன் அறுந்துபோகாது. சிறுநீரகம் மோசமானவர்களுக்குத் தயசைடு பயனற்றது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2021-ல் வந்த கிளிக் ஆய்வு நான்காம் நிலைச் சிறுநீரக நோயாளிகளுக்கு 12.5 மி.கி.யில் தொடங்கிக் குளோர்தாலிடோன் கொடுத்து, மேல் அழுத்தம் சுமார் 11 புள்ளிகள் இறங்குவதைக் காட்டியது.

இந்த வகைக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது, அது அரை மாத்திரையிலும் வரும். தயசைடு ஏறுபகுதியைத் தொடாததால் உட்பகுதியின் கரிப்பு அப்படியே இருக்கும். சிறுநீரை அடர்த்தியாக்கித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் திறன் குறையாது, உப்பு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஒல்லியான வயதான பெண்களுக்கு, அதிலும் "நிறையத் தண்ணி குடிங்க" என்ற அறிவுரையைக் கடைப்பிடிப்பவர்களுக்கு, தொடங்கிய முதல் சில வாரங்களில், 140 அளவில் இருக்க வேண்டிய இரத்தச் சோடியம் 120-க்குக் கீழே போவதுண்டு. முதலில் சோர்வு, குமட்டல், பிறகு பேச்சுக் குழறல். வீட்டில் அதை மறதி என்றோ வயசுக் கோளாறு என்றோ எடுத்துக்கொள்வார்கள். மாத்திரை தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் சோடியமும் பொட்டாசியமும் ஒருமுறை பார்த்தால் போதும், பெரும்பாலும் முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

மெதுவாக வருவது, மெதுவாகப் போவது

ஸ்பைரோனோலாக்டோன் குழலின் உட்புறத்துக்கு வரவே தேவையில்லை. இரத்தப் பக்கத்திலிருந்து செல்லுக்குள் நுழைந்து ஆல்டோஸ்டிரோனின் ஏற்பியில் உட்கார்ந்து, சோடியம் வாயில்களைச் செய்யும் உத்தரவையே தடுக்கிறது. ஏற்கெனவே செய்து வைத்த வாயில்கள் தேய்ந்து தீரும்வரை பலன் தெரியாது, இரண்டு மூன்று நாள் ஆகும். நிறுத்தினாலும் அதே மெதுவோடுதான் விலகும். "நேத்து போட்டேன், ஒண்ணும் பிரியலையே" என்று நிறுத்துபவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். 1999-ல் வெளியான ரேல்ஸ் ஆய்வில் கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இதை 25 மி.கி. சேர்த்ததில் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. நீர் பிரிந்ததால் மட்டும் வந்த பலன் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறிய அளவு அது. 12.5 கூடப் பொருளுள்ள தொடக்கம்.

பொட்டாசியத்தில் இது மற்ற மாத்திரைகளுக்கு நேர் எதிர். ஃபுரோசமைடும் தயசைடும் கீழே அனுப்பும் கூடுதல் சோடியத்தைச் சேகரிப்புக் குழல் பிடிக்கும்போது, ஈடாகப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. ஸ்பைரோனோலாக்டோன் அந்தப் பரிமாற்றத்தையே அடைப்பதால் பொட்டாசியம் உள்ளே தங்கும். டெல்மிசார்டன் போன்ற அழுத்த மாத்திரையும் சர்க்கரை நோயும் கூடவே இருந்தால் அது வேகமாக ஏறும். ரேல்ஸ் முடிவு வந்த பிறகு கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இந்த மருந்தின் பயன்பாடு திடீரென உயர்ந்தது, பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையும் கூடவே உயர்ந்ததை 2004-ல் பதிவு செய்தார்கள். நம் ஊரில் இன்னும் கவனம் வேண்டும். ஃபுரோசமைடு 20-உம் ஸ்பைரோனோலாக்டோன் 50-உம் சேர்ந்த கூட்டு மாத்திரை இங்கே சர்வசாதாரணம். கால் வீக்கம் கூடியதென்று தாமாகவே அதை இரண்டாக்கிக்கொள்பவர் ஸ்பைரோனோலாக்டோனை 100-க்கு ஏற்றுகிறார் என்பது அவருக்குத் தெரியாது. நீர் மாத்திரை போட்டால் பொட்டாசியம் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு தினம் ஒரு இளநீர் வேறு குடிப்பார், ஒரு காயிலேயே அரைக் கிராம் பொட்டாசியம் இருக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதிலும் ஈடாகச் சேர்த்திருப்பது பொட்டாசியம் குளோரைடுதான்.

எதிர்ப்பக்கத்தில், பொட்டாசியம் எவ்வளவு சிரப் கொடுத்தாலும் ஏறாமல் அடம் பிடிக்கும் நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு மெக்னீசியம் பார்க்க வேண்டும். பொட்டாசியம் வெளியேறும் வாயிலைச் செல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம்தான் ஓரளவு அடைத்து வைத்திருக்கிறது. நீர் மாத்திரையால் அது தீர்ந்தால் வாயில் திறந்தே கிடக்கும். மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் நிற்காது.

கிட்னி கெடுமா

உடைத்துப் போடுகிறவர்களின் பயத்துக்கு நேரான பதில் தர வேண்டும். நீர் கோத்து நிற்கும் உடலில் ஃபுரோசமைடு சிறுநீரகத்தை நேரடியாக அழிக்கும் மருந்து கிடையாது. 2011-ல் வந்த டோஸ் ஆய்வில், இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்த 308 பேரில் ஒரு பாதிக்கு அவர்கள் வழக்கமாகச் சாப்பிட்ட அளவையும், மறுபாதிக்கு அதன் இரண்டரை மடங்கையும் ஊசியாகக் கொடுத்தார்கள். அதிக அளவு வாங்கியவர்களுக்கு நீர் அதிகம் இறங்கியது. சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் என்ற கழிவு சிலருக்குத் தற்காலிகமாக ஏறியது, அறுபதாம் நாளில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. வீக்கத்தோடு இருப்பதும் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான், இதயத்துக்குப் பின்னால் தேங்கும் இரத்தம் சிறுநீரகச் சிரைகளையும் அழுத்துகிறது.

கெடுவது வேறு சூழலில். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகப் படுத்திருக்கும் நாளில் பழக்கத்தில் மாத்திரையை விழுங்குவது ஒன்று. அன்றைக்கு நிறுத்திவைத்துவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். சித்திரை வெயிலில் வயலிலோ கட்டட வேலையிலோ நிற்பவருக்கும் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். இன்னொன்று மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள். அவை சிறுநீரகத்துக்குள் இரத்த ஓட்டத்தைக் காக்கும் பொருள்களைத் தடுக்கின்றன, உப்பைப் பிடித்து வைக்கின்றன, ஃபுரோசமைடு ஏறி வரும் அதே கடத்திகளுக்கும் போட்டி போடுகின்றன. நீர் மாத்திரை, சார்டன் வகை அழுத்த மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்று சேர்ந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் சுருண்டுவிடும். பழி மட்டும் நீர் மாத்திரை மேல் விழும்.

நீர் மாத்திரையே வேண்டாத வீக்கமும் உண்டு. அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கணுக்கால் வீங்கினால், அங்கே உடலில் உப்பு தேங்கவில்லை. நுண்தமனிகள் மட்டும் விரிந்ததால் நுண்குழல்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. அதற்கு ஃபுரோசமைடு கொடுத்தால் வீக்கம் அப்படியே நிற்கும், ஆள்தான் வற்றுவார். அம்லோடிபினைக் குறைப்பதோ மாற்றுவதோ சார்டன் வகையைச் சேர்ப்பதோதான் வழி.

போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது

முதல் பத்தியில் கேட்ட கேள்விக்கு இப்போது வார்டிலேயே விடை காண முடியும். ஊசி போட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்த சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், அல்லது முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மில்லிலிட்டருக்குக் கீழே சிறுநீர் போனால், அளவு போதவில்லை. நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அன்றே இரட்டிப்பாக்க வேண்டும் என்று 2021 ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு சாதாரண ஆய்வகத்தில் செய்யக்கூடிய, செலவு குறைந்த பரிசோதனை இது. நம் மருத்துவமனைகளில் இன்னும் அரிதாகவே கேட்கப்படுகிறது. பெரிய அளவுகளை ஊசியாகப் போடும்போது நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் வேகமாக ஏற்றக் கூடாது, உள்காதிலும் இதே குடும்பத்துக் கடத்தி இருப்பதால் காது இரையும், கேட்காமலும் போகலாம். சொட்டாக ஏற்றுவதானால் சாதா சலைனில் கலப்பது பாதுகாப்பு. மருந்து காரத்தன்மை உள்ளது, அமிலத்தன்மையுள்ள கரைசல்களில் படிந்துவிடும்.

இதே பயணத்தைச் சிறுநீரகத்தின் பரீட்சையாகவும் ஆக்கியிருக்கிறார்கள். திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பின் தொடக்கத்தில், நீர்ச்சத்துக் குறைவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எடைக்குக் கிலோவுக்கு 1 மி.கி. ஃபுரோசமைடு கொடுக்கிறார்கள், ஏற்கெனவே சாப்பிட்டவருக்கு 1.5. இரண்டு மணி நேரத்தில் 200 மில்லிலிட்டர் கூட வரவில்லையென்றால் டயாலிசிஸ் தேவைப்படும் நிலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். முதல் சுருள்குழல் மருந்தைச் சுரந்ததா, ஏறுபகுதி உயிரோடு இருக்கிறதா, வழி அடைபடாமல் இருக்கிறதா என்று மூன்றையும் ஒரே ஊசி கேட்டுவிடுகிறது.

நீர் முழுக்க இறங்கி, வீக்கமில்லாத எடை இன்னதென்று தெரிந்த பிறகு மருந்தைக் குறைக்க வேண்டிய நாள் வரும். அன்றைக்கும் ஃபுரோசமைடை உடைக்காமல் இருப்பது நல்லது. 80 மி.கி.யில்தான் நீர் பிரிகிறது என்று கண்டுபிடித்த ஒருவருக்கு 40 என்பது மட்டத்துக்குக் கீழே. இரண்டு வேளையை ஒரு வேளை ஆக்கலாம், தினமும் என்பதை ஒன்றுவிட்ட நாள் ஆக்கலாம், வேளை அளவு 80 ஆகவே இருக்கட்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுமுன், ஒரே தராசில், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வர வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், அவர் விட்ட நாளையும் மாத்திரை நாளாக்கச் சொல்வார்.